பூட்டிய பெக்டரியில் எழுந்த விசிறி

முதலில் ஒரு முனகல். அப்புறம் பெல்ட் இழுபடும் கிறீச்சிடல். அதற்குப் பிறகு, காற்றே காற்றை விழுங்கிக்கொண்டு எழும்புகிற நீண்ட ஊளை.

போன மாதம் வத்தளையில் ஒரு கல்யாணச் சாப்பாடு. மண்டபத்தின் சமையற்கட்டுப் பக்கம் யாரோ புகையிழுக்கும் பெரிய விசிறியைப் போட்டார்கள். மற்றவர்களுக்கு அது வெறும் இரைச்சல். என் விரலிடுக்கிலிருந்து சோறு தட்டிலேயே விழுந்தது. வாசல் எந்தப் பக்கம், யார் கையில் என்ன இருக்கிறது என்று கண்கள் தாமாகத் தேடின. பக்கத்தில் இருந்த அக்கா, "என்னம்மா, காரமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தண்ணீர் குடித்தேன். விசிறி ஓடிக்கொண்டேயிருந்தது. உடம்பு மட்டும்தான் வத்தளையில். நான் மலையில், பூட்டிய ஒரு கதவுக்கு முன்னால், ஈரப் புல்லில் உட்கார்ந்திருந்தேன்.

அக்கரப்பத்தனையிலிருந்து டயகமவுக்குப் போகும் பாதையில், ஒரு வளைவில், தேயிலைச் செடிகளுக்கு மேலே தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும் தேயிலைத் தொழிற்சாலை, எங்கள் வாயில் பெக்டரி. தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போன பிறகு, தொண்ணூறுகள் முடியுமுன், அதை மூடினார்கள். கொழுந்து குறைவு. பக்கத்துத் தோட்டத்து பெக்டரியும் பாதி வெறுமையாகத்தான் ஓடுகிறது. இரண்டுக்கும் எதற்குத் தனித்தனியே மின்சாரம்? ஒன்றை நிரப்பு, மற்றதை அணை. கொழுந்து லொறி ஏறிப் போனது. என் அம்மா அங்கே தூள் சலிக்கும் இடத்தில் வேலை செய்தவள். மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகச் சொன்னார்கள். கூடையை மாட்டிக்கொண்டு போனாள். மூடிப் பல மாதங்களுக்குப் பிறகும், காலையில் தேத்தண்ணி ஊற்றும்போது ஒரு நொடி கையை நிறுத்துவாள். கொழுந்து வாட்டும் மாடியில் பெரிய விசிறி எழும்புகிற நேரம் அது. எழும்பாது. மறுபடி ஊற்றுவாள்.

பல வருடம் கழித்து, யுத்தத்தின் கடைசிக் காலத்தில், கொழும்புக் கம்பனி ஒன்று அந்த மாடியை வாடகைக்கு எடுத்தது. கொழுந்து பரப்பிய இடத்தில் இரும்புத் தட்டுகள் வந்தன. தட்டுகளில் வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். திரை கிடையாது, முகம் கிடையாது, வெறும் பெட்டிகள். எங்கோ தூரதேசத்தில் கட்டப்போகிற வீடுகளின் படங்களை அவை வரைந்து தள்ளின. பெரிய கண்ணாடி ஜன்னல்கள், நீச்சல் குளம், குளத்தில் விழுகிற வெயில். வெயிலின் ஒவ்வொரு கீற்றையும் கணக்குப் போட்டுத்தான் அப்படி ஒரு படம் வரையவேண்டும். கணக்கை அனுப்புகிறவருக்கு அது எந்த மலையில் நடக்கிறதென்று தெரியாது, தெரியவும் தேவையில்லை. இப்போது இதற்கு மேகக் கணிமை என்று பெயர். நாங்கள் அன்றைக்கு 'வாடகைப் பெட்டி' என்றோம். தோட்டத் தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்தில் 'பொட்டி' என்றார்கள்.

இவ்வளவு தூரம் ஏன் வந்தார்கள் என்றால், கொழும்பில் பெட்டி தின்கிற மின்சாரம் போதாதென்று, அதைக் குளிரவைக்க இன்னொரு மடங்கு வேண்டும். இங்கே குளிர் சும்மா கிடந்தது. பெக்டரிக்குக் கீழே, ஓடையில், வெள்ளைக்காரன் காலத்து டர்பைன் ஒன்றும் இருந்தது. லயங்கள், கோயில், தோட்டத்து மனேஜர் தொரையின் பங்களா எல்லாவற்றுக்கும் அதிலிருந்துதான் கரண்ட். தண்ணீர் நன்றாக இருந்தால் எல்லாருக்கும் போக மிஞ்சும். இல்லாவிட்டால் எங்கள் பெட்டிகளுக்கு டீசல் ஜெனரேட்டர். யுத்த காலத்தில் ஒரு பீப்பாய் டீசலை மலைக்கு ஏற்றுவதற்கு எத்தனை இடத்தில் நின்று பதில் சொல்லவேண்டும் என்று அப்போது வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

வேலைக்கு இரண்டு பேர். நான், தலவாக்கலையில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய், பிறகு கண்டியில் டிப்ளோமா முடித்துவிட்டு வந்த லயத்துப் பெண். இன்னொருவர் யாழ்ப்பாணத்து எஞ்சினியர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர் இருப்பார். நான் அவரை சேர் என்பேன், அவர் என்னைப் பிள்ளை என்பார்.

நாங்கள் சேர்ந்து கட்டியது, வருகிற வேலைகளை எந்தப் பெட்டிக்கு எந்த நேரத்தில் கொடுப்பதென்று தானே தீர்மானிக்கும் ஒரு புரோகிராம். கம்பிகளும் மானிகளும் அவர் பொறுப்பு, விதிகள் என் பொறுப்பு. எல்லாப் பெட்டிக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்தால் எல்லாம் விழித்திருக்கும். சும்மா விழித்திருக்கிற பெட்டியும் பாதி மின்சாரத்தைத் தின்றுவிடும். ஆகவே ஒன்றை நிரப்பு. அது நிரம்பிய பிறகே அடுத்ததை எழுப்பு. வேலையில்லாததைத் தூங்க வை. அவசரமில்லாத வேலை காத்திருக்கட்டும். டர்பைனில் மிச்சம் இருக்கிறதா பார்; இருந்தால் காத்திருப்பவற்றை அவிழ்த்துவிடு. கெடு நெருங்கினால் மட்டும் டீசல்.

எழுதி முடித்து வாசித்தபோதுதான் கண்டுபிடித்தேன். அம்மாவை மலைக்கு அனுப்பிய அதே வாசகம். பெட்டிக்கு வலிக்காது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

"உங்கட புரோகிராம் சரியான கஞ்சன், பிள்ளை," என்று சேர் சிரிப்பார். "ஒரு பெட்டியை எழுப்பச் சொன்னால் பத்துத்தரம் யோசிக்குது."

"லயத்துல வளந்தவ எழுதுனா அப்புடித்தான் சேர் இருக்கும். ஒரே அடுப்புல சோறு, கறி, தேத்தண்ணி, குளிக்க சுடுதண்ணி எல்லாம் ஆக்குற ஆளுங்க நாங்க."

எல்லாப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் விழித்தால் மாடி சூடேறும். அதற்காகப் பழைய விசிறிகளில் ஒன்றுக்கு எண்ணெய் போட்டு, சூடு கண்டால் தானே ஓடும்படி இணைத்து வைத்திருந்தார். மோட்டாரைக் கழற்றித் தனியே சோதித்தார். விசிறி ஒருநாளும் ஓடியதில்லை. என் கஞ்சப் புரோகிராம் எல்லாவற்றையும் ஒன்றாக எழுப்பிய நாளே கிடையாது.

சேர் தலவாக்கலையில் ஓர் அறையில் இருந்தார். பொலிசில் பதிந்துவிட்டுத்தான் இருந்தார். இருந்தாலும் பஸ் ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் அவர் கை சட்டைப் பைக்குப் போகும், அடையாள அட்டை இருக்கிறதா என்று. ஞாயிற்றுக்கிழமையிலும் சப்பாத்து போட்டுத்தான் வெளியே வருவார். ஏன் என்று கேட்டதற்கு, "போனமுறை பொலிசுக்காரர் என்னைச் செருப்போட கொண்டுபோனவங்கள் பிள்ளை. வெறும் சீமெந்து நிலம். கால் விறைச்சுப்போச்சு," என்றார். வானிலை சொல்வதுபோலச் சொன்னார். அதற்குப் பிறகு அவர் காலைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. எங்கள் பக்கத்துப் பையன்களையும் அப்போது அள்ளிக்கொண்டுதான் இருந்தார்கள். பயம் எங்களுக்கும் இருந்தது, ஆனால் எங்கள் பயம் வந்துபோகிற பயம். அவருடையது கூடவே குடியிருந்தது.

தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா வந்தது. சேரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். வாரக்கணக்காக மழை இல்லை, ஓடை மெலிந்து, பெட்டிகளில் வேலைகள் குவிந்து காத்துக்கிடந்தன. திருவிழாவுக்கு முந்திய இரவு கொட்டித் தீர்த்தது மழை. விடிந்தபோது ஓடை இரண்டு கரையும் தொட்டு ஓடியது.

காலையில் ஓடைக்கரையில் குடத்துக்கு நீர் நிரப்பிப் பூச்சோடித்துக் கரகம் பாலிக்கப் போவது எங்கள் வழக்கம். லயத்தில் ஒருவர் மிச்சம் இருக்கமாட்டார். கதவு சாத்தி, அடுப்பு அவித்து, டீவி நிறுத்தி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் தண்ணீருக்குப் போவார்கள். இது எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். ஆனால் டர்பைன் நிரம்பி ஓடும் ஒரு காலையில் ஒரு லயத்திலும் ஒரு பல்பும் எரியாமல் இருந்தால் புரோகிராம் என்ன செய்யும் என்று நானும் யோசிக்கவில்லை, சேரும் யோசிக்கவில்லை. மின்சாரம் இப்படி மிஞ்சி அது ஒருநாளும் கண்டதில்லை. காத்துக்கிடந்த அத்தனை வேலையையும் அவிழ்த்துவிட்டது. அத்தனை பெட்டியையும் எழுப்பியது.

கரகம் தலையேறி, தப்பு முழங்க, காலையிலேயே வந்துவிட்ட சேரும் நாங்களும் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தோம். ஒரு முனகல். ஒரு கிறீச்சிடல். தப்படிப்பவர் கை அந்தரத்தில் நின்றது. பூட்டிய பெக்டரியின் மேல்மாடியிலிருந்து அந்த ஊளை எழும்பி, பள்ளத்தைத் தாண்டி, எதிர் மலையில் மோதித் திரும்பியது.

"ஏய், பெக்டரி ஓடுதுடி!" அம்மா கத்தினாள். கையிலிருந்த மஞ்சள் தண்ணிச் செம்பைப் பக்கத்தில் நின்றவளிடம் திணித்துவிட்டு ஓடினாள்.

"தொறந்துட்டாங்களா? நம்மகிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"சொல்லிட்டுத்தான் மூடுனாங்களா, சொல்லிட்டு தொறக்க?"

நானும் சேரும் "அது பொட்டி, அது பொட்டிங்க!" என்று கத்தியதை யார் கேட்டார்கள்? பொட்டி சத்தம் போடாது என்று எல்லாருக்கும் தெரியும். இது கொழுந்து வாட்டுகிற சத்தம். கோயிலுக்குப் போகவேண்டிய கூட்டம், கரகத்தோடு, பெக்டரிக் கதவை நோக்கித் திரும்பியது. காவலுக்கு இருந்த மனிதர் மலையே திரண்டு வருவதைப் பார்த்தார், பூட்டிய கட்டடம் உறுமுவதைக் கேட்டார். அறைக்குள் ஓடி டெலிபோனைத் தூக்கினார்.

பொலிஸ் வருவதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. கதவு திறக்கவில்லை, தொரையும் வரவில்லை. பசி. ஏமாந்த சனம் கரகத்தைக் கோயிலில் இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய் கரண்டில் ஓடும் சோற்றுப் பானையைப் போட்டது, டீவியைப் போட்டது. கோயிலில் ஒலிபெருக்கியும் மின்விளக்குத் தோரணங்களும் எரிந்தன. டர்பைனில் மிச்சம் இல்லாமல் போனது. பெட்டிகள் ஒவ்வொன்றாகத் தூங்கின. விசிறி நின்றது.

அது நின்றதுதான் வினையாகிப்போனது. வந்த பொறுப்பதிகாரி, நரைத்த மீசையும் களைத்த கண்ணும் உள்ள ஒரு சிங்களவர், சாவி யாரிடம் என்று கேட்டார். சேர் ஓரடி முன்னே வந்தார். அட்டையை வாங்கிப் பார்த்தார்கள். பிறந்த இடம் யாழ்ப்பாணம். அட்டையைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

உள்ளே தேடினார்கள். ஆள் இல்லை. மற்றவற்றை எழுப்புவதற்காக எப்போதும் விழித்திருக்கும் ஒரே ஒரு பெட்டியில் பச்சை வெளிச்சம் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரம் இதை ஓட்டியவன் எங்கே? நாங்கள் வரும் சத்தம் கேட்டு எந்த வழியால் போனான்? யாருக்காகக் கூட்டம் கூடியது? சேர் சிங்களத்தில் பொறுமையாகச் சொன்னார்: யாரும் ஓட்டவில்லை, அது தானாக எழும்பும், தானாகத் தூங்கும். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய்போலக் கேட்டது. அவரை ஜீப்பின் பின்னால் ஏற்றினார்கள்.

 என் பள்ளிக்கூடச் சிங்களத்தைத் திரட்டிக்கொண்டு அதிகாரிக்கு முன்னால் போய் நின்றேன். "அது மறுபடி தானா எழும்பும் சேர். நீங்களே பாருங்க."

"நீ உள்ளே போய் எதையாவது தட்டுவாய்," என்றார்.

"போகமாட்டேன். பூட்டிச் சாவிய நீங்களே வச்சுக்குங்க."

 அவர் கதவைத் தானே பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டு, பொத்தானையும் மாட்டினார். "நங்கி," என்றார். தங்கச்சியைத்தான் சிங்களத்தில் அப்படிக் கூப்பிடுவார்கள். "இருட்டுமுன் இந்த ஜீப் நுவரெலியாவுக்குப் போகும். அங்கிருந்து இவரைக் கொழும்புக்குக் கொண்டுபோவார்கள். அதற்குப் பிறகு இவரைப்பற்றி என்னிடம் கேட்டுப் பிரயோசனமில்லை. அதற்குள் எழும்பினால் சரி."

உட்கார்ந்தோம். ஈரப் புல். மூடுபனி மேலேறி வந்து பெக்டரியின் கீழ் ஜன்னல்களை விழுங்கியது. ஜீப்பின் பின்பக்கத்தில் சேரின் முழங்கால் மட்டும் தெரிந்தது, அசையாமல். துப்பாக்கியோடு இரண்டு இளம் பொலிஸ்காரர்கள், என் தம்பி வயதுதான் இருக்கும், கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கீழே கோயிலில் ஒலிபெருக்கி அம்மன் பாட்டை அலறியது. சோற்று வாசம் வந்தது.

எழும்பும் என்று சொல்லிவிட்டேனே தவிர, எப்போது எழும்பும்? விரல்விட்டுக் கணக்குப் போட்டேன். காலையில் பாதியில் நின்ற வேலைகளுக்குத் திங்கட்கிழமை வரை கெடு இருக்கிறது. அவசரமில்லை. அவசரமில்லாவிட்டால் காத்திருக்கும். லயம் முழுக்கக் கரண்ட் எரிகிறவரை மிச்சம் வராது, மிச்சம் வராதவரை அது எழும்பாது. அதை அவ்வளவு கஞ்சமாக நான்தான் எழுதியிருக்கிறேன். ஒரு மனிதன் ஜீப்பில் உட்கார்ந்திருப்பது அதற்குத் தெரியாது. இந்த மலையில் பதறத் தெரியாதது அது ஒன்றுதான்.

லயங்களின் கரண்ட்டை வெட்ட டர்பைன் வீட்டுக்குப் போக விடுவீர்களா என்று அதிகாரியிடம் கேட்டேன். விடமாட்டேன் என்றார். லயத்துக்காரர்கள் தங்கள் வீட்டு சுவிட்சைத் தாங்களே அணைக்கலாமா? "அவரவர் வீடு, அவரவர் சுவிட்ச். அதற்கு என்னிடம் ஏன் கேட்கிறாய்?" என்றார். நான் கீழே ஓடினேன்.

கோயிலில் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தியை மேய்த்துக்கொண்டிருந்தார். மூச்சிரைக்கச் சொன்னேன். எல்லாரும் எல்லாவற்றையும் அணைத்தால் அது எழும்பும், எழும்பினால் சேரை விடுவார்கள்.

"பொலிஸ் நிக்கிறப்ப எல்லாரும் ஒண்ணா லைட்ட அணைச்சா, அதையும் சிக்னல்னுவான்," என்றார் ஒருவர்.

"எங்க பெக்டரிய மூடிட்டு பொட்டிக்கு குளுரு காத்து காட்டுனீங்க. இப்ப பொட்டிக்காக சோறும் வேகக்கூடாதா?" என்றாள் ஒரு சித்தி.

"யாழ்ப்பாணத்து ஆளுக்காக நாம போயி மாட்டணுமா? அவுங்க ஊருக்கு நாம போனா தோட்டக்காட்டான்னுதானே சொல்லுவாங்க?"

"அந்த சேரு அப்புடி சொன்னாரா?"

"அவரு சொல்லல. சொல்றவங்க இருக்காங்க."

அப்போதுதான் அம்மா பேசினாள். காலையில் ஓடியதில் சேலை முந்தானை கிழிந்திருந்தது. "சேர அவுங்க ஏத்திட்டுப் போயிட்டா கத முடிஞ்சிருமா? உள்ள ஒருத்தன் இருந்தான், தப்பிச்சிட்டான்னு எழுதுவாங்க. நாளைக்கு 'கூட்டம் கூடுனது யாரு, அவன ஒளிச்சு வச்சது யாரு'ன்னு லயம் லயமா வருவாங்க. நம்ம பயலுகளத்தான் ஏத்துவாங்க. கூட்டத்துல மொதல்ல ஓடுனது நானு. எனக்கு பயமா இருக்கு. ஒங்களுக்கு இல்லியா?"

 பயம் ஒரு பக்கம் இழுத்தது, அதைவிடப் பெரிய பயம் மறுபக்கம் இழுத்தது. தலைவர் ஒலிபெருக்கியில் பாட்டை நிறுத்தினார். "எல்லாரும் கேளுங்க. வீட்டுல டீவி, சோத்துப் பானை, பல்பு, ஒண்ணு விடாம அணைச்சிட்டு அவுங்கவுங்க வாசல்ல நில்லுங்க. ஏன்னு அப்புறம் சொல்றேன்." பிறகு ஒலிபெருக்கியையே அணைத்தார்.

மேல் லயத்தில் டீவிச் சத்தம் செத்தது. அடுத்த லயத்தில். அதற்கடுத்த லயத்தில். பனிக்குள் மங்கலாகத் தெரிந்த ஜன்னல்கள் ஒவ்வொன்றாகக் கண் மூடின. ஒரு மலையே வாயைப் பொத்திக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. ஓடைச் சத்தம் மட்டும். எல்லாரும் மேலே பார்த்தோம்.

எழும்பவில்லை.

திரும்பிப் பார்த்தால் கோயில் தோரணங்கள் எரிந்துகொண்டிருந்தன. இறக்கிவைத்த கரகக் கும்பத்தைச் சுற்றிச் சிவப்பும் பச்சையுமாக ஓடி ஓடி மின்னின.

"தலைவரே, அதையும்."

"பாப்பா, நீ சொல்றது புரியுது. ஆனா கும்பத்துக்கு முன்னால இருட்டாகக் கூடாது. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா யாரு பதில் சொல்றது?" அவர் சுவிட்சிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். பொலிசுக்குப் பயப்படாத மனிதர்.

"வெளக்கேத்துங்க," என்றாள் அம்மா. "கரண்டு வர்றதுக்கு முன்னாடி அம்மாளுக்கு கண்ணு தெரியாமயா இருந்துச்சு?"

அகல்கள் எரிந்தன. தலைவர் கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சை அணைத்தார். நான் மறுபடி மேட்டில் ஏறினேன். பாதி வழியில் அந்த முனகல் காதில் விழுந்தது. கிறீச்சிடல். பிறகு ஊளை.

மேலே வந்து நான் கண்டதைத்தான் இன்றைக்கும் மண்டபங்களில் காண்கிறேன். பூட்டிய கதவு அதிர்கிறது. இளம் பொலிஸ்காரர்கள் இருவரும் துப்பாக்கியைத் தோளுக்கு உயர்த்திவிட்டார்கள். ஒருவன் கதவை நோக்கி. மற்றவன் ஜீப்பை நோக்கி, சேரை நோக்கி. அவன் வாய் திறந்திருந்தது, முகம் வெள்ளையாகியிருந்தது. அவ்வளவு பயந்த ஒருவனின் விரல் விசையில் இருப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.  சேர் அசையவேயில்லை. கைகளை மட்டும் மெல்ல முழங்காலில் விரித்து வைத்தார்.

"எப்பா!" என்று அதிகாரி கத்தினார், வேண்டாம் என்று. "எப்பா, புத்தே, எப்பா!" மகனே என்று கெஞ்சினார். துப்பாக்கி இறங்கியது. விசிறி ஊளையிட்டுக்கொண்டே இருந்தது.

அதிகாரி தன் பையிலிருந்த சாவியால் கதவைத் திறந்து தனியாக உள்ளே போனார். நெடுநேரம் கழித்து வெளியே வந்தார். சட்டை முதுகு நனைந்திருந்தது.

"உள்ளே ஆள் இருந்திருந்தால் எனக்கு நிம்மதி நங்கி," என்றார். "ஆள் இல்லாமல் ஓடுகிறதே, இதை நான் மேலிடத்துக்கு என்னவென்று எழுதுவது?"

அவர் எழுதவில்லை. சேரை இறக்கி, அட்டையைக் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது, "நாளைக் காலை ரயிலில் போய்விடுங்கள். இந்தப் பக்கம் திரும்பி வரவேண்டாம். செய்தி என்னைத் தாண்டிப் போயிருக்கும். அடுத்து வருபவர் என்னைப்போல் புல்லில் உட்கார்ந்து காத்திருக்கமாட்டார்," என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. அவருக்கும் பயமாகத்தான் இருந்தது.

ஜீப் வளைவில் மறைந்த பிறகு லயங்களில் ஒவ்வொரு பல்பாக எரிந்தது. டீவி பேசத் தொடங்கியது. மேலே விசிறி தளர்ந்து, தளர்ந்து, நின்றது. அம்மா சேருக்கு இலை போட்டாள். அவர் உட்கார்ந்தார், சோற்றைப் பிசைந்தார், வாயில் வைக்க முடியவில்லை.  "உறைப்பு," என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். யாரும் அவரைப் பார்க்காமல், எல்லாரும் அவரவர் இலையைப் பார்த்துச் சாப்பிட்டோம்.

மறுநாள் தலவாக்கலை ஸ்டேஷனில், ஒரே பெஞ்சின் இரண்டு முனைகளில், தெரியாதவர்கள்போல உட்கார்ந்திருந்தோம். மேடையில் ஒரு பொலிஸ்காரர் நடந்துகொண்டிருந்தார். சேர் ஒரு பத்திரிகையை முகத்துக்கு நேராகப் பிடித்தபடி பேசினார்.

"விசிறியைக் கழட்டி விடுங்கோ பிள்ளை. பெட்டியளைப் பாதியாக் குறைச்சால் அது தேவைப்படாது. கம்பனி ஏசினால் என்ர தலையில போடுங்கோ."

"சரி சேர்."

"அந்தப் பெடியன்ர கையைக் கண்டனீங்களே? என்னைவிட அவனுக்குத்தான் நடுக்கம்."

 தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொழும்பில் போய் எங்கே தங்குவீர்கள், யார் இருக்கிறார்கள், சாப்பாட்டுக்கு என்ன செய்வீர்கள் என்றெல்லாம் கேட்க நினைத்து, எதைக் கேட்டாலும் அது எனக்குத் தெரிந்த ஒன்றாகிவிடும், தெரிந்ததை யாராவது என்னிடமிருந்து பிடுங்கிவிடலாம் என்று பயந்து, வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவரும் அதனால்தான் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. உயிரோடு இருக்கிறார் என்று ஒருவரும், எங்கேயென்று தெரியாது என்று இன்னொருவரும் சொன்னார்கள்.

ரயில் வந்தது. சனம் நெருக்கியது. பொலிஸ்காரர் மேடையின் மறுகோடிக்குத் திரும்பிய நேரம் பார்த்து சேர் எழுந்து வண்டியில் ஏறினார். நான் ஜன்னலைக் கடப்பதுபோலக் கிட்டப் போனேன். வண்டி ஓர் உலுக்கு உலுக்கி நகரத் தொடங்கியது.

"போய்ச் சேந்ததும் ஒரு போன் கோல் எடுங்க சேர்," என்றேன்.

"எடுக்கமாட்டன் பிள்ளை," என்றார். "நான்தான் எண்டு சொல்லி ஆரும் எடுத்தாலும் போனைத் தூக்காதேங்கோ."